வெட் இன் வெட் வகுப்பில் என் வானம் மட்டும் காலிஃபிளவர் ஆகிறது, தப்பு எங்கே?

நீலமை எழுதியது:

வணக்கம். ஒரு குழு வகுப்பில் வாட்டர்கலர் கற்றுக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பேர், வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம். முதல் நான்கு வாரமும் காய்ந்த தாளில் வாஷ் போடுவது, அதாவது நீர்த்த வண்ணத்தைச் சீராகப் பரப்புவது, அடர்த்தியிலிருந்து வெளிறலுக்கு இறக்குவது என்று நன்றாகத்தான் போனது. போன வாரம் வெட் இன் வெட் ஆரம்பித்தார்கள், அதாவது தாளை வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு அந்த ஈரம் காய்வதற்குள் வண்ணத்தை விடுவது. பாடம், மழைக்கு முந்தைய வானம். என் மானம் போனதும் அங்கேதான்.

ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்டுவார், நாங்கள் கூடவே செய்துகொண்டு வர வேண்டும். தாளை நனையுங்கள் என்றார், நனைத்தோம். அல்ட்ராமரின் நீலம் விடுங்கள் என்றார், விட்டேன், அது தானாகவே விரிந்து விரிந்து போனதைப் பார்த்து எனக்கே புல்லரித்தது. அதற்குள் அவர் பின்வரிசையில் ஒருவருக்கு பிரஷ் பிடிப்பதைத் திருத்தப் போய்விட்டார். திரும்பி வந்து, சரி, இப்போது மேகத்தின் அடியில் சாம்பலை விடுங்கள் என்றார். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து தயாராக வைத்திருந்தேன், தொட்டு வைத்தேன். நாலைந்து விநாடி ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பார்த்தால் அந்தச் சாம்பல் நீலத்தோடு கலக்காமல், இருந்த நீலத்தையும் சுற்றிலும் தள்ளிக்கொண்டு போய், ஓரமெல்லாம் பல் பல்லாக ஒரு வட்டம். அச்சு அசல் காலிஃபிளவர். அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கொஞ்சம் தண்ணீர் தொட்டு ஓரத்தைத் தேய்த்தேன், பக்கத்திலேயே இரண்டாவது காலிஃபிளவர் முளைத்தது. டிஷ்யூவால் அழுத்தித் துடைத்தேன், தாளே உருண்டு உருண்டு திரியாக வந்தது.

பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதே வண்ணம்தான், அதே தண்ணீர் ஜாடிதான், அவருடைய வானமோ புகை மாதிரி இருந்தது. ஆசிரியர் என் தாளைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கட்டுப்பாடு போகப் போக வரும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். போகப் போக எதைக் கவனித்தால் வரும் என்று சொல்லியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

தாள் நானே வாங்கிய பேட், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம்), அட்டையில் வாட்டர்கலர் என்று மட்டும் போட்டிருக்கிறது. பிரஷ் செயற்கை முடி, 8-ஆம் எண் ரவுண்ட். டேப் ஒட்டவில்லை. என் இடம் ஃபேனுக்கு நேர் கீழே. அடுத்த வகுப்புக்கு ஐந்து நாள் இருக்கிறது. தப்பு தாளிலா, பிரஷிலா, என் கையிலா?

பழைய_பிரஷ் எழுதியது:

கையை விட்டுவிடுங்கள், கை ஒரு தப்பும் செய்யவில்லை. நேரம்தான் தவறிவிட்டது.

காலிஃபிளவர் எப்போது வரும் என்றால், தாளில் இருக்கும் ஈரத்தைவிட பிரஷில் இருக்கும் ஈரம் அதிகமாக இருந்து, அந்தத் தாளும் பாதி காய்ந்த நிலையில் இருந்தால். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, புதிதாக வந்த தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும் இழைகளுக்குள் ஓடும், ஓடும்போது ஏற்கெனவே படிந்துகொண்டிருந்த நிறமியையும் கிளப்பி இழுத்துக்கொண்டு போய், எங்கே அதன் ஓட்டம் நிற்கிறதோ அங்கே கொட்டிவிட்டு நின்றுவிடும். நீங்கள் சொன்ன அந்தப் பல் பல்லான ஓரம் அதுதான். தாள் நன்றாக ஈரமாக இருந்தால் இது நடக்காது, முழுதாகக் காய்ந்திருந்தாலும் நடக்காது. நடுவில் ஒரு கெட்ட நேரம் இருக்கிறது, அதில்தான் நீங்கள் பிரஷை வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கெட்ட நேரத்தைக் கண்ணால் பிடிக்கலாம். மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலையைத் தாழ்த்தி, தாளின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், வெளிச்சம் வரும் திசையை நோக்கிப் பாருங்கள். முதலில் கண்ணாடி மாதிரி பளபளக்கும், தண்ணீர் அசைவது தெரியும். கொஞ்ச நேரத்தில் அசைவு நின்று பட்டுத்துணி மாதிரி ஒரு மென்மையான மினுக்கம் மட்டும் மிஞ்சும், மேகம் விடுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அப்புறம் மினுக்கம் போய் தாளின் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், ஆனால் புறங்கையை வைத்தால் இன்னும் ஜில்லென்று இருக்கும். அங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். ஜில்லிப்பும் போய் முழுக்கக் காய்ந்த பிறகு வேண்டுமானால் மறுபடி மென்மையாக நனைத்துத் தொடரலாம்.

இன்னொன்று, தாள் காயக் காய வண்ணம் கெட்டியாக வேண்டும். முதல் சுற்றில் தேநீர் மாதிரி, அடுத்ததில் பால் மாதிரி, கடைசியில் தயிர் மாதிரி. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், ஏனென்றால் பேலட்டில் கலந்தது தீர்ந்துபோகும், அவசரத்தில் அதிலேயே தண்ணீரை ஊற்றி இழுப்பார்கள்.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது அந்த நாலைந்து விநாடிதான். பிரஷ் முடியை மட்டும் துணியில் ஒற்றியிருப்பீர்கள், ஆனால் முடி போய்ச் செருகியிருக்கும் உலோகக் கழுத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருக்கும். வைத்த உடனே வராது, முடி காலியானதும் மெல்ல இறங்கும். செயற்கை முடி தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வது குறைவு, சட்டென்று விட்டுவிடும். அதனால் ஒற்றும்போது துணியை அந்தக் கழுத்தின் அடியில் வைத்து ஒருமுறை அழுத்துங்கள், துணியில் பரவும் ஈரத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

தாளைப் பற்றி. 200 ஜிஎஸ்எம் நனைந்தால் அலை அலையாக மேடு பள்ளம் விழும். மேடு முதலில் காயும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும், ஆக ஒரே தாளில் இரண்டு விதமான ஈரம், எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் அதில் சீரான வானம் போட முடியாது. 300 ஜிஎஸ்எம், முழுக்கப் பருத்தி, கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது), நாலு பக்கமும் டேப், இது போதும். பருத்தித் தாள் தண்ணீரை உள்ளே வாங்கிவைத்து மெதுவாக விடும், மரக்கூழ்த் தாளில் அந்தப் பொறுமை கிடையாது. திரியாக வந்தது என்றீர்களே, ஈரத்தில் தேய்த்ததில் மேல்பூச்சு கிழிந்துவிட்டது. டிஷ்யூவை வைத்து எடுக்க வேண்டும், துடைக்கக் கூடாது.

வீட்டில் ஒரு சோதனை. தாளில் பட்டையாக ஓர் இடத்தை நனைத்து, கடிகாரம் வைத்து, ஒவ்வொரு நிமிடமும் ஒரே அளவு வண்ணத்தை ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். எந்த நிமிடத்தில் புள்ளி பரவுகிறது, எதில் நிற்கிறது, எதில் காலிஃபிளவர் வருகிறது என்று உங்கள் தாளே எழுதிக் காட்டிவிடும். ஃபேனுக்குக் கீழே ஒன்று, ஃபேன் இல்லாமல் ஒன்று.

வகுப்பக்கா எழுதியது:

நான் இதே பாடத்தைக் குழுவாக நடத்துகிறவள், அதனால் மேஜைக்கு அந்தப் பக்கத்து ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்துகாட்டும் தாள் பெரும்பாலும் உங்கள் தாள் மாதிரி இருக்காது. நான் எடுப்பது கனமான பருத்தித் தாள், வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே இரண்டு பக்கமும் ஊறவைத்து ஒரு அக்ரிலிக் பலகை மேல் படிய விட்டுவிடுவேன். அடியில் ஈரம் இருக்கும் வரை மேலே காயாது, அரை மணி நேரம் பேசிக்கொண்டே வரையலாம், நடுவில் பின்வரிசைக்குப் போய் பிரஷ் பிடிப்பதையும் திருத்திவிட்டு வரலாம். திரும்பி வந்து இப்போது சாம்பல் என்றால், அந்த 'இப்போது' என் தாளுக்குத்தான் பொருந்தும். ஒரு பக்கம் மட்டும் நனைத்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 'இப்போது' எப்போதோ முடிந்துபோயிருக்கும். ரொம்ப நாள் நானும் இதை உணராமல் மாணவர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் உங்கள் ஆசிரியரிடம் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். முதலில் நீங்கள் முழுக்கச் செய்து காட்டுங்கள், நாங்கள் பிரஷைத் தொடாமல் பார்க்கிறோம், அப்புறம் செய்கிறோம் என்று கேளுங்கள். வெட் இன் வெட்டுக்குக் கூடவே செய்வது சரிப்படாது. தாளையும் பார்த்து, ஆசிரியரையும் பார்த்து, பக்கத்துக்காரர் என்ன செய்கிறார் என்றும் எட்டிப் பார்த்துத் திரும்பினால் பளபளப்பு போயிருக்கும். வண்ணம் எல்லாவற்றையும் தாளை நனைக்கும் முன்பே, தேவைக்கு இரண்டு மடங்காகக் கலந்து வைத்துவிடுங்கள். நனைத்த பிறகு டியூப் மூடியைத் திறந்துகொண்டிருந்தால் கதை முடிந்தது.

பக்கத்துக்காரரோடு ஒரே ஜாடி என்றால் உடனே பிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு ஜாடி, ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று சுத்தமான தண்ணீர் எடுக்க. கலங்கிய தண்ணீரில் தாளை நனைத்தால் மஞ்சள் வானம் ஆரம்பத்திலேயே அழுக்குப் பச்சை.

என் வகுப்பில் இப்போது ஒரு விளையாட்டு உண்டு. எல்லாருக்கும் ஒரே அளவு தாள், ஒரே நீலம், ஒரே நேரத்தில் நனைப்பது. ஆனால் முதல் ஆள் உடனே வண்ணம் விட வேண்டும், இரண்டாவது ஆள் ஒரு நிமிடம் கழித்து, மூன்றாவது ஆள் இரண்டு நிமிடம் கழித்து, இப்படியே கடைசி ஆள் வரை. காய்ந்ததும் வரிசையாகத் தரையில் அடுக்கிப் பார்ப்போம். பழைய_பிரஷ் சொன்ன புள்ளிச் சோதனைதான், பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்தால் முழுத்தாள் அளவில் தெரிகிறது. அதோடு யாருடைய தாளும் நன்றாக வந்தது, கெட்டுப்போனது என்ற பேச்சே எழாது. எட்டாவது ஆளுக்குக் காலிஃபிளவர் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால்தான் அவர் ஏமாற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

1919-இல் ஸ்டட்கார்ட்டில் தொடங்கிய வால்டார்ஃப் பள்ளிகளில் சின்னக் குழந்தைகளுக்கே நனைத்த தாளில்தான் வண்ணம் கொடுக்கிறார்கள். கோடு போடுவதில்லை, உருவமும் கேட்பதில்லை, மஞ்சளும் நீலமும் எங்கே சந்திக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பெரியவர்களுக்கு முதல் நாளே வானம் வரையச் சொல்லிவிடுகிறோம், அது வானம் மாதிரி இல்லையே என்று அவர்களும் குத்திக் குத்திக் கெடுக்கிறார்கள்.

கலங்கல் எழுதியது:

எல்லாரும் அவரைப் பயமுறுத்துகிறீர்கள். காலிஃபிளவர் தப்பு என்று யார் சொன்னது? ஜப்பானில் தராஷிகோமி என்று ஒரு முறையே உண்டு, முதல் பூச்சு காய்வதற்குள் இன்னொரு மையையோ வண்ணத்தையோ சொட்டவிட்டு அது கட்டுப்பாடில்லாமல் தேங்கிப் படிவதை அப்படியே விட்டுவிடுவார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தவராயா சோத்தாத்சு அதைக் கொண்டே மரப்பட்டையையும் இலையையும் உயிரோடு காட்டினார். எமில் நோல்டே ஈரமான ஜப்பானியத் தாளில் கடலையும் பூவையும் ஊறவிட்டே வரைந்தவர் (ஆள் நாஜிக் கட்சி உறுப்பினர், அந்தக் கதை வேறு, தாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்). மழை வானத்தில் ஒரு காலிஃபிளவர் இருந்தால் என்ன, நிஜ மேகமும் ஓரம் பிசிறித்தானே இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரின் புகை வானத்தை நாளைக்கு யாருக்கும் நினைவிருக்காது.

பழைய_பிரஷ் எழுதியது:

சோத்தாத்சுவுக்கு எங்கே சொட்டவிட வேண்டும் என்று தெரியும் கலங்கல், அதுதான் வித்தியாசம். வேண்டும்போது வரவைக்கத் தெரிந்தவருக்கு அது உத்தி. நீலமைக்கு வேண்டாதபோது வந்தது, அதனால்தான் கேட்கிறார்.

கலங்கல் எழுதியது:

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரிந்துகொள்வதற்கு வேண்டுமென்றே ஐம்பது காலிஃபிளவராவது வரவைத்துப் பார்க்க வேண்டுமா இல்லையா? வராமல் தடுப்பதையே சொல்லிக்கொடுத்தால் அது என்றைக்குத் தெரியும்?

நிறமி எழுதியது:

நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது, எந்த நீலம் என்பதும் முக்கியம். அல்ட்ராமரின், டியூபின் பின்னால் நிறமிக் குறியீடு பிபி29 என்று இருக்கும், அதன் துகள் தாளின் குழிகளில் தங்கி மணல் மாதிரிப் படியும். தாலோ நீலம், பிபி15, அதற்கு நேர் எதிர். துகள் மிக நுண்மை, ஈரத்தில் வைத்த உடனே நாலாபக்கமும் பாயும், தாளிலும் ஏறிப் பிடித்துக்கொள்ளும், டிஷ்யூ வைத்தாலும் முழுக்க வராது. ஆரம்பத்தில் தாலோவைத் தொடவே வேண்டாம் என்பேன், ஒரு சொட்டு வானம் முழுவதையும் பிடித்துவிடும்.

உங்கள் சாம்பல், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும், ஈரத்தில் போட்டால் கொஞ்சம் பிரியும், ஒரு பக்கம் பழுப்பும் ஒரு பக்கம் நீலமும் தெரியும். அது கெட்டுப்போனது இல்லை, மழை மேகத்துக்கு அதைவிட நல்ல கலவை எனக்குத் தெரியாது. பிரிகிறதே என்று பிரஷால் கலக்கப் போனால்தான் சேறு. ஒரு இடத்தில் இரண்டு முறை தொடலாம், மூன்றாவது முறை தொட்டால் சேறு என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

அப்புறம், காய்ந்தால் நிறம் வெளிறும், ஈரத் தாளில் இன்னும் அதிகமாக, ஏனென்றால் தாளில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து நிறத்தைக் கரைக்கிறது. ஈரத்தில் பார்க்கும்போது ஐயோ கறுத்துவிட்டதே என்று பதறும் அளவுக்குப் போட்டால்தான் காய்ந்த பிறகு சரியாக இருக்கும்.

உப்பும் தூவிப் பாருங்கள். அதுவும் அந்தப் பட்டு மினுக்கம் இருக்கும்போதுதான். பளபளக்கும்போது போட்டால் கரைந்து காணாமல் போகும், மினுக்கம் போன பிறகு போட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும். சரியாக விழுந்தால் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஒரு வெளிர் நட்சத்திரம். ஒரு ஓரத்தில் நாலு கல் போட்டுவைத்தால் அதுவே உங்களுக்குக் கடிகாரம்.

நீலமை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வகுப்பு நேற்று முடிந்தது, நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் நிமிடப் புள்ளிச் சோதனை. என் பழைய பேட், ஃபேனுக்குக் கீழே: மூன்றாவது நிமிடத்திலேயே காலிஃபிளவர். ஃபேனை நிறுத்தினால் ஆறாவது நிமிடம். ஒரே ஒரு பருத்தித் தாள், 300 ஜிஎஸ்எம், வாங்கி நாலாக வெட்டினேன், அதில் பத்தாவது நிமிடம் வரை புள்ளி ஓரம் மென்மையாகவே இருந்தது. போன வாரம் ஆசிரியர் பின்வரிசைக்குப் போய் வந்தது எப்படியும் நாலு நிமிடம் இருக்கும். அதைப் பார்த்ததும் மனசு லேசாகிவிட்டது. பழைய_பிரஷ் அண்ணா, உலோகக் கழுத்தை அழுத்திப் பார்த்தேன், துணியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஈரம் பரவியது. இத்தனை நாள் இதைச் சுமந்துகொண்டா வரைந்தேன்!

வகுப்பில் ஆசிரியரிடம் முழுக்கச் செய்துகாட்டிவிடுங்கள், அப்புறம் செய்கிறோம் என்று கேட்டேன். ஒரு விநாடி யோசித்தார், சரி என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் நிம்மதியாக மூச்சு விட்டது என் காதில் கேட்டது, ஆக நான் மட்டும் இல்லை. இடத்தையும் சன்னல் பக்கம் மாற்றிக்கொண்டேன், அங்கே தலையைத் தாழ்த்தினால் மினுக்கம் நன்றாகத் தெரிகிறது. பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் ஒருத்தி மேஜையில் கன்னத்தை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தால் எப்படி இருக்கும், தூங்குகிறாளா என்று கேட்டார்கள். கடைசியில் நாலு பேர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மினுக்கம் வந்ததும் சாம்பலைத் தயிர்ப் பதத்தில் எடுத்து, கழுத்தை ஒற்றி, மேகத்தின் அடியில் ஒரே இழுப்பு. கொஞ்சம் பரவி, நின்றது. அவ்வளவுதான். இரண்டாவது இழுப்பு. நின்றது. மூன்றாவதுக்குக் கை போனது, நிறமி சொன்ன கணக்கு ஞாபகம் வந்து பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். வானம் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கலாம், காய்ந்ததும் வெளிறிப்போய்விட்டது, அடுத்த முறை துணிந்து போட வேண்டும். வலது மூலையில் மட்டும் ஒரு சின்னக் காலிஃபிளவர், அது என் வேலை இல்லை, பக்கத்துக்காரர் பிரஷை உதறியதில் தெறித்தது. கலங்கல், அதைத் தொடாமல் அப்படியே விட்டிருக்கிறேன், உங்களுக்காக.

வகுப்பக்காவுக்கு ஒரு கேள்வி. இரண்டு பக்கமும் ஊறவைத்து அக்ரிலிக் பலகையில் போடுவதை இந்த வாரம் செய்து பார்க்கப் போகிறேன். அதற்கு டேப் ஒட்ட வேண்டுமா? ஈரத் தாளில் டேப் எப்படி ஒட்டும்?

வகுப்பக்கா எழுதியது:

டேப் ஒட்டாது, தேவையும் இல்லை. தண்ணீரே தாளைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும். அடியில் காற்றுக் குமிழி மட்டும் இருக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அகலமான பிரஷால் நீவி விடுங்கள். மேலே நிற்கும் அதிகப்படித் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் வண்ணம், இல்லாவிட்டால் எல்லாம் நீந்தும். வரைந்துகொண்டிருக்கும்போது ஏதாவது மூலை தூக்கிக்கொண்டு வந்தால் அந்த மூலை காய்கிறது என்று அர்த்தம், அடியில் ஈர பிரஷை நுழைத்து மறுபடி படியவையுங்கள். முடிந்ததும் பலகையிலேயே காயவிடாமல், அலுங்காமல் எடுத்து ஒரு மரப்பலகையில் நாலு மூலையும் கிளிப் போட்டுக் காயவையுங்கள், தட்டையாக வரும். அந்த வலது மூலைப் படத்தை முடிந்தால் இங்கே போடுங்கள்.